உறக்கத்தில் நிற்கும் மூச்சும் முகமூடிக்கு மறுக்கும் காப்பீடும்

ஒவ்வோர் ஆண்டும் மலர்க் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் வருவார். நானும் கல்வெட்டு, பழைய ஊர்ப்பெயர், மலைப்பாதை வணிகம் என்று எனக்குத் தெரிந்த அளவில் எழுதித் தருவேன். இந்த முறை வந்தவர் வேறு மாதிரி கேட்டார்: “ஐயா, கல்வெட்டை அடுத்த வருஷம் பாத்துக்கலாம். ராத்திரி மூஞ்சில மாட்டிக்கிட்டுப் படுக்கிறீங்களே, அந்த மாஸ்க்கைப் பத்தி எழுதுங்க. எங்க அப்பாவுக்கும் போன மாசம் எழுதிக் கொடுத்துட்டாங்க. இன்சூரன்ஸ்ல கிடைக்கும், கிடைக்காதுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.”

நான் மருத்துவன் அல்லன், வக்கீலும் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, பிழைப்புத் தேடி வண்டன்மேட்டுக்கு வந்து, ஏலத்தை ஏலத்தில் எடுத்து விற்கும் தொழிலில் நாற்பது வருடத்தைக் கழித்தவன். ஆனால் வியாபாரிக்கு ஒரு பழக்கம் உண்டு. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கடைசி வரி வரை படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டான். அந்தப் பழக்கத்தை என் காப்பீட்டுப் பத்திரத்தில் மட்டும் காட்டத் தவறிவிட்டேன். அதனால் பட்டதையும், பட்டபின் படித்ததையும் இங்கே தருகிறேன்.

நோய் என்ன?

குறட்டையை நம்மவர்கள் நோயாக நினைப்பதில்லை. ‘நல்லா அசந்து தூங்குறாரு’ என்று அதற்கு நற்சான்று வேறு கொடுப்பார்கள். என் மனைவிதான் முதலில் கண்டுபிடித்தாள். “ஏங்க, நீங்க குறட்டை விட்டா எனக்குப் பயமில்ல. அது திடீர்னு நின்னு போகுது பாருங்க, அப்பதான் உக்காந்து உங்க நெஞ்சையே பாத்துக்கிட்டு இருக்கேன்” என்றாள். அவள் பயந்தது அந்த மௌனத்துக்குத்தான். எத்தனை இரவு அப்படி விழித்திருந்தாளோ, நான் கேட்டதில்லை.

உறங்கும்போது தொண்டையின் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அந்தத் தளர்ச்சியால் மூச்சுப்பாதை ஒட்டி அடைத்துக்கொள்கிறது. மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றால் அது ஒரு நிறுத்தம். இரத்தத்தில் பிராணவாயு குறைந்ததும் மூளை நம்மைத் தட்டி எழுப்புகிறது. ஒரு திணறல், ஒரு பெருமூச்சு, மறுபடி உறக்கம். நமக்கு இது நினைவிலேயே இருக்காது. முழு நிறுத்தமும் பாதி அடைப்பும் சேர்ந்து மணிக்கு 5 முதல் 15 வரை இருந்தால் இலேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமையானது என்று வகுத்திருக்கிறார்கள். எனக்கு 42 வந்தது.

இரவு முழுவதும் இப்படி எழுப்பப்பட்டவன் பகலில் தூங்கி விழுவான். இரத்தக் கொதிப்பும் கூடும். 2019-இல் கம்பம்மெட்டிலிருந்து கம்பத்துக்கு இறங்கும் வளைவுப் பாதையில் ஜீப்பை ஓட்டிக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டேன். அருகில் இருந்த பையன் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பியதால் வண்டி சுவரில் உரசி நின்றது. அந்தப் பையனுக்கு அப்போது வயது பத்தொன்பது. அவன் வீட்டாருக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது. அடுத்த வாரமே மதுரைக்குப் போய் உறக்கப் பரிசோதனை செய்துகொண்டேன்.

எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் சாப்பிடும் வழக்கமில்லை. மதுவும் புகையும் கிடையாது. ‘நமக்கெல்லாம் இது வராது’ என்று இருந்தவன் நான். கழுத்தின் பருமன், தாடையின் அமைப்பு, வயது, குடும்ப வாகு எல்லாம் இதில் சேர்கின்றன. ஆகவே ஒழுக்கமாய் இருப்பவருக்கு வராது என்று யாரும் எண்ண வேண்டாம்.

முகமூடி வந்த கதை

பெருந்தூக்கம் என்றவுடன் நமக்குக் கும்பகருணன் நினைவு வரும். சமண மரபில் விமலசூரி பிராகிருதத்தில் எழுதிய பௌமசரியத்தில், ‘ஒருவன் ஆறு மாதம் உறங்குவது எப்படி?’ என்ற ஐயத்தைச் சிரேணிக மன்னன் எழுப்புகிறான். கதையை அப்படியே விழுங்காமல் காரணம் கேட்கும் அந்த மனப்பாங்கு எனக்குப் பிடிக்கும். ஆங்கிலத்தில் சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37-இல் எழுதிய பிக்விக் நாவலில், எந்நேரமும் தூங்கி விழும் பருத்த பையன் ஒருவன் வருகிறான். 1956-இல் அமெரிக்க மருத்துவர்கள், உடற்பருமனும் பகல் தூக்கமும் மூச்சுக்குறையும் சேர்ந்த நிலைக்கு அந்த நாவலின் பெயரையே வைத்தார்கள்.

அப்போது மருந்தில்லாதிருந்த இந்த நோய்க்கு வழி கண்டவர் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன். சிட்னியில் அவரும் உடன் பணியாற்றியவர்களும் சேர்ந்து, மூக்கு வழியே ஓயாமல் காற்றழுத்தம் கொடுத்தால் தொண்டை ஒட்டாமல் திறந்தே இருக்கும் என்று காட்டி, 1981-இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். சைக்கிள் டியூபில் காற்று இருக்கும்வரை அது ஒட்டாது அல்லவா, அதே சங்கதிதான். இதைத்தான் சிபாப் என்கிறோம். ஆரம்பத்தில் ஒவ்வொருவர் மூக்குக்கும் தனித்தனியாக அச்செடுத்து, இரவுதோறும் பசை தடவி ஒட்டினார்கள். இன்று கடையில் கிடைக்கும் மெத்தென்ற சிலிக்கான் முகமூடி அதன் வளர்ச்சி.

எது எப்போது தேயும்?

மிஷின் ஐந்து வருடமோ அதற்கு மேலோ ஓடும். தேய்வது முகமூடிதான். அதன் பாகங்களைத் தெரிந்துகொண்டால் வீண்செலவு பாதி குறையும்.

முதலாவது, முகத்தில் படும் மெத்தை. குஷன் என்று கேட்டால் கடையில் தருவார்கள். முகத்தின் எண்ணெய்ப் பசையும் வியர்வையும் பட்டுச் சிலிக்கான் இளகும், மஞ்சளிக்கும், கிழியும். முதலில் கெடுவது இதுவே. இரண்டாவது, மெத்தையைத் தாங்கும் சட்டகம். மூன்றாவது, தலைப்பட்டை, இது நாளாக ஆகத் தொய்யும். தொய்ந்ததும் நாம் இழுத்துக் கட்டுவோம், மூக்குத் தண்டில் புண் வரும். நான்காவது, காற்றுக் குழாய். ஐந்தாவது, மிஷினுக்குள் இருக்கும் வடிகட்டி. விலை குறைவு, ஆனால் மறந்துபோவது இதைத்தான். ஆறாவது, ஈரப்பதத்துக்கான நீர்த்தொட்டி.

மெத்தை ஒரு கம்பெனியுடையது இன்னொரு கம்பெனியின் சட்டகத்தில் சேராது. ஒரே கம்பெனியிலும் மாடல் மாறினால் பெரும்பாலும் சேராது. ஆகவே முகமூடியின் பெயர், மாடல், மெத்தையின் அளவு மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி மிஷின் பையில் போட்டு வையுங்கள். சாதாரணக் குழாயின் வாய் மட்டும் 22 மில்லிமீட்டர் என்ற பொது அளவு. எனவே பெரும்பாலான மிஷின்களில் எந்தக் கம்பெனி முகமூடியையும் மாட்டலாம். பயணத்துக்கான சில சிறு மிஷின்களும், சூடேற்றும் குழாயும் இதற்கு விலக்கு.

இங்கே கடைக்காரர் தந்திரம் ஒன்று உண்டு. குஷன் தனியாகக் கேட்டால், “தனியா வராது சார், முழு செட்டாத்தான் எடுக்கணும்” என்பார்கள். என்னிடமும் அப்படிச் சொல்லி 7,800 ரூபாய்க்கு முழு முகமூடியை விற்றார்கள். பிறகு விசாரித்தால் அதன் குஷன் மட்டும் 2,900-க்குக் கிடைத்தது. சட்டகமும் பட்டையும் நன்றாக இருக்கும்போது மெத்தையை மட்டும் மாற்றினால் போதும். பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச விலையைப் பார்த்துப் பேரம் பேசுங்கள். அதற்கு மேல் வாங்க எவருக்கும் உரிமையில்லை.

பத்திரம் என்ன சொல்கிறது?

இப்போது செயலாளர் கேட்ட கேள்விக்கு வருவோம். காப்பீட்டில் கிடைக்குமா?

இந்தியாவில் நாம் எடுக்கும் சாதாரண மருத்துவக் காப்பீடு, ஆஸ்பத்திரியில் படுத்துச் சிகிச்சை பெறும் செலவுக்கானது. வீட்டில் பயன்படுத்தும் கருவிக்கானது அன்று. பெரும்பாலான பத்திரங்களில் ‘வெளியில் பயன்படும் நீடித்த மருத்துவக் கருவிகள்’ என்று ஒரு விலக்கு இருக்கும். ஊன்றுகோல், கழுத்துப்பட்டை இவற்றோடு சிபாப்பையும் பெயர் சொல்லியே விலக்கியிருப்பார்கள். மிஷினே விலக்கு என்றால் அதன் மெத்தைக்கும் பட்டைக்கும் கேட்கவே வேண்டாம்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஆஸ்பத்திரி பில்லில் வரும் சில்லறை இனங்களை நான்கு பட்டியலாகப் பிரித்திருக்கிறது. முதல் பட்டியல், காப்பீடு தராத இனங்கள். அதில் முகமூடியும் பிராணவாயு முகமூடியும் இருக்கின்றன. மற்ற மூன்றும் அறை வாடகையிலோ, அறுவைக் கட்டணத்திலோ, சிகிச்சைச் செலவிலோ அடங்கிவிட வேண்டியவை. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது பயன்படுத்தும் சிபாப், பைபாப் கருவிகள் இந்தக் கடைசி வகையில் வருகின்றன. அதாவது, அவற்றுக்குத் தனியாக ஒரு தொகை போட்டு நம் தலையில் கட்டக்கூடாது. சிகிச்சைக் கட்டணத்துக்குள்ளேயே அடங்க வேண்டும். இந்த வேறுபாடு தெரியாததால் பலர் கொடுக்க வேண்டாததைக் கொடுத்துவிட்டு, கிடைக்காததற்குச் சண்டை போடுகிறார்கள்.

இன்னொரு கண்ணி, உறக்கப் பரிசோதனை. ஓரிரவு ஆஸ்பத்திரியில் தங்கித்தான் செய்கிறார்கள். ஆனால் பரிசோதனைக்காக மட்டும் சேர்ந்த செலவு தரப்படாது என்று 2019-இல் ஆணையம் வகுத்த பொது விலக்குகளில் ஒன்று சொல்கிறது. இவை 2020 அக்டோபர் முதல் எல்லாப் பத்திரங்களுக்கும் பொருந்தின. எனவே ‘அட்மிஷன் போட்டாச்சு, கிளெய்ம் ஆயிடும்’ என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

வேடிக்கை ஒன்றும் அதே விலக்குகளில் இருக்கிறது. உடற்பருமனுக்கான அறுவைச் சிகிச்சை பொதுவாக விலக்கு. ஆனால் உடல் நிறைக் குறியீடு 40-க்கு மேல் இருந்தாலோ, 35-க்கு மேல் இருந்து கடுமையான உறக்க மூச்சுத்தடை போன்ற நோய் உடனிருந்தாலோ, மற்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு அறுவைக்குப் பணம் உண்டு. லட்சக்கணக்கில் ஆகும் கத்திக்குப் பணம் தரும் ஏற்பாடு, மூவாயிரம் ரூபாய் மெத்தைக்குத் தருவதில்லை. காரணம் வியாபாரக் கணக்கே. அறுவை எப்போதாவது ஒருவருக்கு வரும் செலவு. மெத்தை ஆயுள் முழுவதும் தவணை தவறாமல் வரும் செலவு. எதிர்பாராத நட்டத்தை ஊரார் பகிர்ந்துகொள்வதே காப்பீடு. நிச்சயமாக வரும் செலவை அது ஏற்றால் பிரீமியத்தில் சேர்த்து நம்மிடமே வாங்கிவிடும். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த மெத்தை இல்லாததால் வரும் பக்கவாதத்துக்கும் விபத்துக்கும் அதே கம்பெனிதான் பின்னால் பணம் கட்டுகிறது என்பதையும் யாராவது கணக்குப் பார்க்க வேண்டும்.

நான் கேட்டதும் பெற்றதும்

2023 மழைக்காலத்தில் மூச்சுத்திணறலும் இரத்தக் கொதிப்பும் கூடி ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அப்போது என் மெத்தை கிழிந்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த டாக்டர் கோபித்துக்கொண்டார். புது முகமூடி வாங்கினோம். வீட்டுக்கு வந்து நாற்பதாம் நாள் மறுபடி பரிசோதித்து, மிஷினின் அழுத்தத்தை மாற்றி வைத்தார்கள்.

எல்லாவற்றுக்கும் சேர்த்து மனுக் கொடுத்தேன். கம்பெனி இரண்டு தொகையை வெட்டியது: ஒன்று முகமூடி, மற்றது மறுபரிசோதனைச் செலவு. ‘பரிசோதனை மட்டும்’ என்று இரண்டாவதற்குக் காரணம் எழுதியிருந்தார்கள். நான் கோபத்தில் இரண்டுக்கும் சேர்த்து நாலு பக்கம் எழுதினேன். பதிலே இல்லை. அப்புறம் உட்கார்ந்து பத்திரத்தைப் படித்தேன். முகமூடி விஷயத்தில் அவர்கள் செய்தது சரி; அது பட்டியலில் உள்ளது. ஆனால் மறுபரிசோதனை அப்படியல்ல. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் 60 நாள் வரை அதே நோய் தொடர்பான சோதனைக்குப் பணம் உண்டு என்று என் பத்திரத்தில் இருந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயரும், ஆறு வாரத்தில் மறுபரிசோதனை என்ற குறிப்பும் இருந்தன.

இரண்டாவது கடிதத்தில் முகமூடியை விட்டுவிட்டேன். பத்திரத்தின் பிரிவு எண், டிஸ்சார்ஜ் தேதி, சோதனைத் தேதி, டாக்டரின் குறிப்பு என்று அரைப் பக்கம் மட்டும் எழுதிக் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பினேன். மூன்று வாரத்தில் பணம் வந்தது. கிடைக்காததை விட்டுக்கொடுத்தவனுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்தது. ஏலத்தில் எல்லா லாட்டுக்கும் கைதூக்குகிறவன் எதையும் உருப்படியாக எடுப்பதில்லை.

வேறு வழிகள் எவை?

மத்திய அரசு ஊழியர், ஓய்வூதியர் குடும்பத்துக்கு சி.ஜி.எச்.எஸ். திட்டத்தில் சிபாப் வாங்கிய தொகையைத் திரும்பப் பெற வழி உண்டு. 2018-இல் வகுத்த உச்சவரம்பு, சிபாப்புக்கு 50,000 ரூபாய், பைபாப்புக்கு 80,000 ரூபாய். சிறப்பு மருத்துவரின் எழுத்தும் பரிசோதனை முடிவும் முன் அனுமதியும் வேண்டும். முன்னாள் படைவீரர்களுக்கு ஈ.சி.எச்.எஸ். இருக்கிறது, நம் மலையிலும் கீழே கம்பம் பள்ளத்தாக்கிலும் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர், அவர்கள் தங்கள் பாலிகிளினிக்கில் கேட்க வேண்டும்.

பிள்ளைகள் பெரிய கம்பெனியில் வேலையில் இருந்தால், பெற்றோரையும் சேர்த்த குழுக் காப்பீட்டில் புறநோயாளிச் செலவுக்கோ வெளிக் கருவிகளுக்கோ ஒரு சிறு வரம்பு இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். தனிப் பத்திரங்களிலும் புறநோயாளிப் பிரிவைக் கூடுதலாகச் சேர்க்கும் வசதி சிலவற்றில் உண்டு. கூடுதல் பிரீமியம் எவ்வளவு, வருடத்துக்கு மெத்தைச் செலவு எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரீமியம் அதிகமென்றால் அந்தப் பணத்தை உண்டியலில் போட்டு நீங்களே வாங்கிக்கொள்வது லாபம். நான் அதைத்தான் செய்கிறேன். மாதம் 500 ரூபாய் தனியாக வைக்கிறேன். அதிலேயே மெத்தையும் வடிகட்டியும் அடங்குகின்றன.

காப்பீடே இல்லாத அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, 80டி என்று நாம் சொல்லிப் பழகிய வருமானவரிச் சலுகையில், மருத்துவச் செலவை 50,000 ரூபாய் வரை கழிக்க இடமுண்டு. பழைய வரிமுறையில் இருப்போருக்கு மட்டுமே இது. ரொக்கமாகக் கொடுத்த பில் செல்லாது.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால்

நம் சங்கக் குடும்பங்களில் பாதிக்கு அமெரிக்காவில் ஒரு பிள்ளை இருக்கிறது. அங்கே கதை வேறு. முதியோருக்கான மெடிகேர் திட்டத்தில் உதிரிப்பாகத்துக்குக் காலக்கணக்கே போட்டிருக்கிறார்கள். முகமூடியும் குழாயும் மூன்று மாதத்துக்கு ஒன்று. மூக்கு மெத்தை மாதத்துக்கு இரண்டு, முழுமுக மெத்தை மாதத்துக்கு ஒன்று. தலைப்பட்டையும் நீர்த்தொட்டியும் ஆறு மாதத்துக்கு ஒன்று. கழித்துப்போடும் வடிகட்டி மாதத்துக்கு இரண்டு. இவையெல்லாம் உச்சவரம்பு, கட்டாயம் மாற்ற வேண்டும் என்பதல்ல. ஆண்டுக் கழிவுத்தொகை கட்டியபின், அங்கீகரித்த விலையில் 20 விழுக்காடு நோயாளியுடையது. ஆரம்பத்தில் 30 நாளில் 70 விழுக்காடு இரவுகளாவது, இரவுக்கு 4 மணி நேரம் பயன்படுத்தியதாக மிஷினே சாட்சி சொல்ல வேண்டும். தனியார் கம்பெனிகள் பலவும் இதை ஒட்டியே போகின்றன. இங்கிலாந்தில் பொதுச் சுகாதாரத் துறையின் உறக்க மருத்துவமனை மூலமாகவே மிஷினும் மாற்று முகமூடியும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

என் மகனும் டல்லாஸில் இதே முகமூடி மாட்டுகிறவன்தான், குடும்பச் சொத்து! ஒருநாள் போனில், “அப்பா, என் கோட்டாவுல நிறைய சேருது. உங்களுக்குன்னு ஆர்டர் போட்டு அனுப்பிடறேன், இன்சூரன்ஸ்ல போயிடும்” என்றான். வேண்டாம் என்றேன். அவனுக்குத் தேவை என்று கையெழுத்திட்டு எனக்கு அனுப்பினால் அது பொய்க்கணக்கு. கள்ளாமை என்பது எங்கள் வீட்டில் சிறுவயதிலேயே சொல்லிக்கொடுத்த விரதம். அதை மூக்குக்காக விட்டுவிட்டு நிம்மதியாக எப்படித் தூங்குவது? அவனுக்கு முதலில் வருத்தம். இப்போது தன் காசில் வருடத்துக்கு இரண்டு மெத்தை வாங்கி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறான். அதை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கிறேன்.

மறுத்தால் எங்கே போவது?

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் எழுதுங்கள். ஆணையத்தின் பீமா பரோசா வழியாகவும் பதியலாம். தொலைபேசி எண் 155255. ஒரு மாதத்தில் பதிலில்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்ச ரூபாய் வரையிலான வழக்குகளை எடுப்பார்கள். மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். எல்லையில் வாழும் நமக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. நாம் குடியிருக்கும் இடம், கம்பெனிக் கிளை இருக்கும் இடம் இரண்டில் எதன் அடிப்படையிலும் முறையிடலாம். பாலிசி தேனிக் கிளையில், வீடு வண்டன்மேட்டில் என்றால் சென்னைக்கும் எழுதலாம், கொச்சிக்கும் எழுதலாம்.

மொழி தெரியாமல் தவிப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. பத்திரத்தோடு வாடிக்கையாளர் தகவல் தாள் ஒன்று தர வேண்டும் என்பது விதி. எது உண்டு, எது இல்லை என்று சுருக்கமாக அதில் இருக்கும். கேட்டால் அதை வட்டார மொழியிலும் தர வேண்டும். கேளுங்கள், தமிழில் வேண்டும் என்று கேளுங்கள்.

புதிதாகக் காப்பீடு எடுப்பவர்கள், உறக்க மூச்சுத்தடை இருப்பதை மறைக்க வேண்டாம். முன்பே உள்ள நோய்க்குக் காத்திருக்கும் காலம் 2024-இல் அதிகபட்சம் மூன்று வருடமாகக் குறைக்கப்பட்டது. மூன்று வருடம் பொறுப்பது, மறைத்துவிட்டு அவசரத்தில் மறுக்கப்படுவதைவிட மேல்.

மலைநாட்டில் பேணும் முறை

மாற்றுவது ஒருபுறம் இருக்க, இருப்பதைக் காப்பதும் வேண்டும். மெத்தையைத் தினமும் வெதுவெதுப்பான நீரில் இலேசான சோப்பால் கழுவி நிழலில் உலர்த்துங்கள். ஸ்பிரிட், பிளீச்சிங் கூடாது. காலையில் கழுவுவதோடு, இரவு மாட்டுமுன் முகத்தையும் கழுவி எண்ணெய்ப் பசையைப் போக்கினால் மெத்தை நாள்படும். என்னுடையது இப்போது ஏழெட்டு மாதம் வருகிறது.

நம் மலையில் ஆனி, ஆடி மாதத்தில் துணி காய்வதே பாடு. குழாய்க்குள் ஈரம் நின்றால் பூஞ்சை வரும். கழுவியபின் குழாயை இரு முனையும் கீழே தொங்கும்படி போட்டு வையுங்கள். தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர்தான் நல்லது. குளிரில் குழாய்க்குள் நீர் கோத்துக் களகள என்று சத்தம் வந்தால், ஈரப்பத அளவைக் குறைத்து, குழாய்க்கு ஒரு துணியுறை தைத்துப் போடுங்கள். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓட்டலாம். அப்போது ஈரப்பதச் சூட்டை அணைத்தால் பேட்டரி நெடுநேரம் தாங்கும்.

முகமூடியில் காற்று வெளியேறும் சிறு துளைகள் இருக்கும். நாம் விட்ட மூச்சு அவ்வழியே போக வேண்டும். ‘லீக் ஆகுது’ என்று எவரும் அதை ஒட்டி அடைத்துவிடக் கூடாது. காந்தக் கொக்கி உள்ள முகமூடிகளைப் பற்றி 2022-இல் பிலிப்ஸும் 2023-இல் ரெஸ்மெட்டும் எச்சரித்துள்ளன. பேஸ்மேக்கர் போன்றவை உடலில் உள்ளவரும், அருகில் படுப்பவருக்கு அவை இருந்தாலும், காந்தமில்லாத வகையையே கேட்டு வாங்குங்கள்.

ஒரு நண்பரின் மிஷின்

என்னோடு நெடுநாள் சரக்கேற்றிய கம்பத்து லாரிக்கார நண்பர் ஒருவருக்கும் இதே நோய். அவர் மெத்தை கிழிந்தபோது, “நயினாரே, ஒரு ரப்பருக்கு மூவாயிரமா? அதுல ரெண்டு மூட்டை அரிசி வாங்கிருவேன். இன்சூரன்ஸ் குடுத்தா மாட்டுறேன், இல்லாட்டி இத்தனை நாள் தூங்கலையாக்கும்” என்று மிஷினைப் பரணில் ஏற்றிவிட்டார். காப்பீடு கொடுக்கவில்லை. மறுவருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இரண்டுக்கும் முடிச்சுப் போட நான் மருத்துவன் அல்லன். ஆனால் அன்று அந்த மூவாயிரத்தை நானாவது கொடுத்திருக்கலாமே என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை.

இப்போது அவர் மகள் மிஷினை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். புது மெத்தையை நான் வாங்கிக் கொடுத்தேன். வாய் கொஞ்சம் குழறினாலும், “ராத்திரி நல்லாத் தூங்குனேன் நயினாரே” என்று போனவாரம் சொன்னார்.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். ஈமச்செலவுக்கு நிதி வைத்திருக்கிறோம். அதிலிருந்து சிறு பங்கை எடுத்து, பிரிக்காத புது மெத்தைகள் நான்கைந்தை நம் அலுவலக அலமாரியில் வாங்கி வைக்கலாம். முடிந்தவர் காசு கொடுக்கட்டும், முடியாதவர் தவணையில் கட்டட்டும். யாருக்கு எந்த மாடல், எந்த அளவு என்ற குறிப்பேட்டை எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.